இருபத்தோராவது கையெழுத்து

எங்கள் கல்லூரியில் படிப்பு தவிர்த்த மற்ற சமாச்சாரங்களுக்கென்று தனியாக ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. பாட்டு, டென்னிஸ், நாடகம், பேச்சு மன்றம், முதலுதவி என்று வரிசையாகக் காகிதம் குத்தியிருப்பார்கள். இவற்றில் ஏதாவது ஒன்றில் சேர்ந்து சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் வேலைக்கு மனுப் போடும்போது கை கொடுக்கும் என்று முதல்வர் அம்மா ஒவ்வொரு ஜூலை மாதமும் மேடையேறிச் சொல்வார். இரண்டு வருஷம் அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு ராயபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். மூன்றாவது வருஷம் எனக்கு நிஜமாகவே ஒரு வேலை தேவைப்பட்டது.

காரணம் புளியந்தோப்பு. அங்கே ரயில்வேயில் இருந்த ஒரு பையனின் வீட்டார் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்துவிட்டுப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்குப் பரம சந்தோஷம். எனக்கு அந்தப் பையன் மேல் ஒரு கோபமும் கிடையாது, அவனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் இருபது வயதில் என் ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போய், எனக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். அழுதுகொண்டே அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். பரீட்சை முடிவதற்குள் வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம், கிடைக்காவிட்டால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அவர் துறைமுகத்தில், கப்பல் சரக்கைக் கயிற்றில் பிணைத்துக் கிரேனில் மாட்டிவிடும் கோஷ்டியில் இருந்தவர். அந்தக் கோஷ்டியில் ஒருவன் 'தூக்கு' என்று சொல்லிவிட்டு அப்புறம் இல்லை என்று சொல்ல முடியாது. பேசினால் பேசினதுதான். நானும் சரி என்றேன்.

வேலை பற்றிய செய்தியைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு அண்ணன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் அதன் டைம் ஆபீசுக்குப் பட்டதாரிப் பெண் ஒருத்தியை எடுக்கப் போகிறார்கள், முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறவளுக்குத்தான் முதல் இடம் என்று சொன்னார். மறுநாள் காலையில் நான் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றேன்.

நல்லவேளையாக அது முதலுதவியாக இருந்தது. டென்னிஸுக்கு வெள்ளை உடுப்பும் மட்டையும் வேண்டும். பாட்டுக்குக் குரல் வேண்டும், என் குரலைக் கோயில் பாட்டுக் குழுவிலேயே பின் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். முதலுதவிக்குத் தேவை சில முக்கோணத் துணிகளும் அடுத்தவர் உடம்பும்தான். துணிக்கு அம்மா ஏற்பாடு செய்தாள். அப்பாவின் சிவப்புக் கரை வேட்டி ஒன்றை அவரைக் கேட்காமலே எட்டு முக்கோணமாக வெட்டிக் கொடுத்தாள். அப்பா ஒரு வாரம் அந்த வேட்டியைத் தேடினார்.

வகுப்பு சனிக்கிழமை மதியம். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி மேட்ரன். உயரமான மனுஷி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் இருபது பேருக்குக் கட்டுப் போட்டுப் பழகியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு. பெயர், தேதி, அடிபட்ட இடம், அடிபட்ட காரணம், போட்ட கட்டு, கையெழுத்து என்று ஆறு கட்டம். ஆள் நல்லபடியாக இருந்தால் போதும், அடிபட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் நோட்டில் மட்டும் உண்மையான விபத்து போலவே எழுத வேண்டும், அப்போதுதான் பொறுப்பு வருமாம். இன்னொரு விஷயம், வீட்டு மனிதர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். வீட்டு மனிதர்கள் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள் என்றார் மேட்ரன்.

இந்தக் கடைசிச் சட்டம் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டது. ஏனென்றால் நான் தினமும் சாயங்காலம் பழகியதே அவர் மேல்தான். வேலை முடிந்து வந்து, குளித்து, சுவரில் சாய்ந்து உட்காருவார். நான் தலையில் ஆரம்பித்துக் கணுக்கால் வரை கட்டுவேன். பாதியில் தூங்கிவிடுவார். உடம்பெல்லாம் கட்டோடு குறட்டை விடும் மனிதரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். இவ்வளவும் செய்துவிட்டு அவர் பெயர் நோட்டில் வராது என்றால் எப்படி இருக்கும்?

"தலைலேந்து காலு வரைக்கும் நாந்தான் குந்திகினு கீறேன். டீக்கடைக்காரன் ஆளு, நான் ஆளு இல்லியா?" என்று கேட்டார். சட்டம் என்றேன். அது கலீஜ் சட்டம் என்றார்.

அதைவிடப் பெரிய தகராறு முடிச்சில் வந்தது. கட்டை முடிக்கும்போது வலது மேல் இடது, இடது மேல் வலது என்று தட்டையாக ஒரு முடிச்சுப் போட வேண்டும். தோலை உறுத்தாது, வேண்டும்போது ஒரு நுனியைப் பிடித்துத் தள்ளினால் சுலபமாக அவிழும். அப்பா ஒரு நுனியைப் பிடித்துத் தள்ளினார், அவிழ்ந்து விழுந்தது. இந்த முடிச்சை நம்பி ஒரு மூட்டையைத் தூக்கினால் கீழே நிற்கிறவன் கதி என்ன என்று கேட்டார். நான் தூக்கப் போவது மூட்டை இல்லை, கை என்றேன். கை மட்டும் விழலாமா என்றார்.

எங்கள் வீட்டில் எதைக் கட்டினாலும் துறைமுகத்து முடிச்சுதான். கொடிக் கயிறு, அரிசி மூட்டை, என் பள்ளிக்கூடப் பை, வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் அதே முடிச்சு. பாரம் கூடக் கூட இறுகும். நான் நடக்கப் பழகின காலத்திலிருந்து என் விரலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வகுப்பில் மேட்ரன் பக்கத்தில் நிற்கும்போது வலது இடது என்று முனகிக்கொண்டே சரியாகப் போடுவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் விரல் பழைய இடத்துக்கே போய்விடும். போட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

முதல் கையெழுத்து முனை டீக்கடை பாயுடையது. நல்ல மனிதர், தலையைக் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'தலையில் தேங்காய் விழுந்தது' என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துவிட்டு டீ போடலாம் என்று பார்த்தால் முடிச்சு அசையவில்லை. அவர் இழுக்க இழுக்க இறுகியது. கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தலையில் கட்டோடு டீ ஆற்றும் பாயைப் பார்த்து யார் அடித்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள், மைத்துனன்தான் அடித்தான் என்று தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மைத்துனன் தண்டையார்பேட்டையிலிருந்து ஓடி வந்து, நான் அடிக்கவே இல்லை என்று கடை வாசலில் நின்று சத்தியம் பண்ணினான். கடைசியில் கத்தரிக்கோல்தான் பாயைக் காப்பாற்றியது.

அதோடு என் பெயர் பரவிவிட்டது. தெருவில் எல்லோரும் கையைக் காலை நீட்டினார்கள். மீன்காரம்மா கணுக்காலைக் கொடுத்தாள், கட்டோடு மார்க்கெட்டுக்குப் போனபோது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாகச் சொல்லி மறுநாளும் வந்தாள். காரணம் எழுதுவதில் எனக்கு ருசி தட்டிவிட்டது. படகிலிருந்து விழுந்தவர், மாடு முட்டியவர், கோயில் மணி இடித்தவர் என்று நோட்டு நிரம்பியது. பதினேழு கையெழுத்து சேர்ந்துவிட்டது.

பதினெட்டாவது ஆளாக எதிர்வீட்டு அண்ணன் வந்தார். வலது முன்கையில் எலும்பு முறிவுக்கான கட்டும் கழுத்தில் தூளியும் போடு பாப்பா என்று அவரே கேட்டார். மெஷின் ஓட்டுகிறவர் என்பதால் 'தொழிற்சாலையில் மெஷின் பெல்ட்டில் கை சிக்கியது' என்று பொருத்தமாக எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டோடு போனார். நான்காம் நாள் அவர் மனைவி ஒரு சட்டி நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். எண்ணூர் கழிமுகத்தில் அவரே பிடித்த நண்டாம்.

கை முறிந்தவர் எப்படி நண்டு பிடித்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். அண்ணன் கட்டோடு தொழிற்சாலை வாசலில் போய் நின்றிருக்கிறார். சூப்பர்வைசருக்குச் சந்தேகம். கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம் என்று முடிச்சை இழுத்திருக்கிறார். அது இறுக, அண்ணன் ஊரைக் கூட்டிக் கத்த, மூன்று நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதை அண்ணனே எங்கள் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. ஆனால் மறுவாரம் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது நான் மறுக்கவில்லை. தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, எனக்கு இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டியிருந்தது. அவர்களுக்கும் பெல்ட்டில்தான் கை சிக்கியது. நண்டும் ருசியாகத்தான் இருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். முதல் வருஷப் பெண் ஒருத்தியை நோயாளியாக உட்கார வைத்திருந்தார்கள். பயத்தில் என் விரல் வலதையும் மறந்தது, இடதையும் மறந்தது. டாக்டர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அந்தப் பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். கத்தரிக்கோல் வரவழைக்கப்பட்டது. மேட்ரன் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் டாக்டர் நல்ல மனசுக்காரர். கட்டு உறுதியாக இருக்கிறது, தேவைக்கு மேல் உறுதியாக இருக்கிறது என்று சொல்லி, மூச்சு நின்றவருக்கு என்ன செய்ய வேண்டும், பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பதில்களைத் தப்பில்லாமல் சொன்னேன். சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் நடந்தது. அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். சான்றிதழைப் பார்த்தார். அனுபவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நோட்டை எடுத்து நீட்டினேன். அட்டை போட்டு, மேலே சின்ன மாதா படம் ஒட்டி, அழகாக வைத்திருந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று இப்போதும் தெரியவில்லை.

ஆபீசர் பக்கம் பக்கமாகப் படித்தார். தேங்காய் விழுந்த பாயைப் பார்த்துச் சிரித்தார். மாடு முட்டியவருக்கும் சிரித்தார். பதினெட்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அடுத்த இரண்டு பக்கத்தையும் புரட்டினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு துணித் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். சிவப்புக் கரை. நடுவில் துறைமுகத்து முடிச்சு, அவிழ்க்க முடியாமல் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டு அப்படியே இருந்தது. லீவு முடிந்து வந்த மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கட்டு, மூன்றையும் கம்பவுண்டர் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார் என்றார் ஆபீசர். அப்பாவின் வேட்டி அங்கே அந்த மேஜை மேல் கிடந்தது.

இது என் கைவேலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"மூணு பேருக்கும் நிஜமாவே அடிபட்டதா, இல்ல சும்மா கட்டினதா? உள்ளதைச் சொல்லுங்க. சும்மா கட்டினதுன்னா நாளையிலேருந்து அவங்க வேலைக்கு வர மாட்டாங்க, நீங்க வருவீங்க."

அவர் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டைம் ஆபீஸ் தெரிந்தது. ஒரு காலி நாற்காலி இருந்தது. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணன் மேல் அப்போது எனக்கு வந்த ஆத்திரமும் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவர் மனைவிக்கு அது எட்டாம் மாதம். அதோடு, அந்த மூன்று முடிச்சையும் போட்டவள் நான். தெரிந்தேதான் கடைசி இரண்டையும் போட்டேன்.

"அடிபட்டது நிஜம் சார். நோட்டுல எழுதியிருக்கறபடிதான்" என்றேன்.

அவர் நோட்டை மறுபடி எடுத்து, காரணம் என்ற கட்டத்தை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி நோட்டைப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அது ஏன் என்று எனக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விளங்கியது. நான் சொன்னது நிஜம் என்றால், ஒரே மாதத்தில் மூன்று பேர் அந்தத் தொழிற்சாலையின் மெஷினில் கையைக் கொடுத்திருக்கிறார்கள், விபத்தென்றால் தெரிவித்தாக வேண்டிய அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு அதை இவர் தெரிவிக்காமல் மறைத்திருக்கிறார். அதற்கு எழுத்து மூலமான சாட்சி, தேதியோடும் கையெழுத்தோடும், மாதா படம் ஒட்டிய என் நோட்டு.

ஆபீசர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். இதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். அந்த மூன்று பேரைப் பற்றி இனி ஒரு பேச்சும் இருக்காது, நீங்கள் போகலாம் என்றார். அந்த நோட்டை வைத்திருக்கிறவளை டைம் ஆபீசில் உட்கார வைக்க அவருக்கென்ன பைத்தியமா?

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எதிர்வீட்டு அண்ணன் வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பிறகு போய்விட்டார். மறுநாள் மறுபடி ஒரு சட்டி நண்டுக் குழம்பு வந்தது. நான் தொடவில்லை. அம்மா தொட்டாள்.

பரீட்சைக்குள் இனி வேறு வேலை கிடைக்கப் போவதில்லை என்று வீட்டில் முடிவாகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்புக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பேசினபடி நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா புடவையைத் தேய்த்து வைத்தாள், நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அண்ணன் மேல், மேட்ரன் மேல், பார்க்காத அந்தப் பையன் மேல்கூடக் கோபம் வந்தது. எல்லாவற்றையும்விட என் விரல்கள் மேல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். வலது உள்ளங்கையில் இரும்புக் கொக்கி கிழித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கழுவி, தையல் போட்டு, மருந்து வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மருந்துப் பஞ்சு ஒட்டியிருந்தது, கட்டுத்துணி மட்டும் அவிழ்ந்து தொங்கியது. பஸ் ஏறி வீடு வருவதற்குள் அவிழ்ந்துவிட்டது, என்னத்தைக் கட்டுகிறார்களோ என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார்.

துணியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நுனியிலும் தட்டை முடிச்சின் மடிப்பு இன்னும் இருந்தது. மேட்ரன் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சு. ஒரு நுனியைப் பிடித்து யாராவது வேண்டுமென்றே தள்ளினால்தான் அது அவிழும், பஸ் குலுக்கலுக்கு அவிழாது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துப் பஞ்சின் மேல் துணியைச் சுற்றினேன். முதன்முதலாக ஒரு நிஜமான காயத்துக்குக் கட்டுப் போடுகிறேன். அப்பாவின் ரத்தம். கடைசியில் வலது மேல் இடது என்று ஆரம்பித்தேன். அப்பா இடது கையால் என் விரலைப் பிடித்து நிறுத்தினார்.

"அது வாணாம். நம்ம முடிச்ச போடு."

"அப்பால அவுக்க முடியாது நைனா."

"அவுறக் கூடாது. கட்டு அவுந்தப்பால வாங்கன்னு புளியந்தோப்புக்காரங்க கையில சொல்லிட்டு வந்துகீறேன். ஒரு வருசத்துக்கு அவுறாத மாரி போடு."

போட்டேன். கண்ணில் தண்ணீர் மறைத்தாலும் விரலுக்கு அது தெரிந்த முடிச்சு, தானாகவே போட்டது. அவர் இழுத்துப் பார்த்தார், இறுகியது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, நோட்டை எடுத்து வா என்றார். நோட்டு முடிந்துபோனது, சான்றிதழும் வாங்கியாயிற்று, இனி எழுதி என்ன பண்ண என்று கேட்டேன். எழுது என்றார். இருபதாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். அடிபட்ட இடம், வலது உள்ளங்கை. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"மெய்யாலுமே பட்ட அடின்னு எழுது" என்றார்.

அப்படியே எழுதினேன். பிறகு அவர் பேனாவை இடது கையில் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.